மணலா, சேறா, பாசிக்கல்லா: வேலூர்ப் பக்கத் தண்ணீரில் ஃபிளை தூண்டிலோடு இறங்க எது உதவும்?

ஃபிளை தூண்டிலோடு (பூச்சி போலக் கட்டிய இலேசான கொக்கியை, லைனை முன்னும் பின்னும் சுண்டி வீசும் முறை) பாலாற்றுக்குப் போகிறவரைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவது மீன் ஆசையைவிடச் சீமைக் கருவேலம்தான். 9 அடி ராடைப் பின்னால் சுண்டியதும் லைன் போய் முள்ளில் மாட்டும். இழுத்தால் அறும், அறுந்தால் இன்னொரு ஃபிளை போச்சு. மூன்றாவது முறை மாட்டும்போது, நாலடி உள்ளே போய் நின்றால் பின்பக்கம் காலியாக இருக்குமே என்று கால் தானாக இறங்கும். முழங்கால் வரை வந்ததும் இன்னும் நாலடி. தொடை நனைந்த பிறகுதான் கீழே இருப்பது மணலா பள்ளமா என்ற கேள்வியே வரும்.

அதற்கு முன்பே சிலவற்றை முடிவு செய்திருக்க வேண்டும்: காலில் என்ன போடுவது, கையில் என்ன பிடிப்பது, மேலே என்ன மாட்டுவது, உடம்பை எப்படிப் பழக்குவது. இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் முக்கால்வாசி குளிர்நாட்டுக் கூழாங்கல் ஆறுகளுக்காகச் சொன்னது. அங்கே தண்ணீர் கடுங்குளிர், தரை உருண்டைக் கல், ஓட்டம் வருடம் முழுக்க. வட ஆற்காட்டில் ஆறு பாதி வருடம் வெறும் மணல். மழைக்குப் பின் சில வாரம் ஓடும், அப்புறம் குட்டை குட்டையாகத் தேங்கும். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே வாங்கினால் பணமும் போகும், காலும் வழுக்கும். இங்கே அடித்தரையைப் பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் தரை

பாலாற்று மணல் பார்க்க நல்ல தரை. வழுக்காது, கூர்மையாக எதுவும் இருக்காது. ஆனால் அதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஓடும் தண்ணீரில் ஒரே இடத்தில் நின்றால் குதிகாலைச் சுற்றி மணல் அரித்துக்கொண்டே போகும். சில நிமிடங்களில் கணுக்கால் புதையும், உடம்பு பின்பக்கம் சாயும். மீன் மேல் கண்ணாக இருக்கிறவருக்கு இது தெரியாது. அடுத்த வீச்சுக்கு இடுப்பைத் திருப்பும்போது கால் வராது, ஆள் விழுவார். நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு காலையும் தூக்கி வைப்பதுதான் மருந்து. புதைந்த காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குதிகாலை முதலில் ஆட்டித் தண்ணீர் உள்ளே போக விட்டால் மணல் பிடி தளரும்.

இரண்டாவது ஆபத்து பெரியது: மணல் அள்ளிய குழி. குழியின் சுவர் செங்குத்தாக இருக்கும். வெள்ளம் வந்து போனபின் அதன் விளிம்பில் புது மணல் தளர்வாகப் படிந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அந்த விளிம்பை மிதித்தால் மணல் சரிந்து அவரையும் கூட்டிக்கொண்டு போகும். ஏறப் பார்த்தால் மேலும் சரியும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற பெருவெள்ளத்துக்குப் பின் குழி எங்கே இருந்தது என்ற பழைய நினைவு எதற்கும் உதவாது. மேலே சலசலப்பு இருக்கும் இடம் பெரும்பாலும் ஆழமில்லாதது. சலசலப்பு திடீரென்று நின்று, தண்ணீர் வழவழப்பாகி, நிறம் கருத்தால் அது மடு. அங்கே கால் வைக்க வேண்டாம். ஆடு மாடு கடக்கும் தடம் நம்பத்தக்கது, அதுவும் அன்றைக்குக் கடந்திருந்தால் மட்டும்.

ஏரி வேறு கதை. ஓட்டம் இல்லை, ஆனால் சேறு. காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியோ ஊர்ச் சிற்றேரியோ, கரைக்கு மண் எடுத்த பள்ளம் பெரும்பாலும் கரையை ஒட்டியே உள்பக்கம் இருக்கும். எனவே கரையிலிருந்து நேராக இறங்குவதைவிட, எதிர்ப்பக்கம் நீர் வரும் வாட்டத்தில் இறங்குவது நல்லது. அங்கே சரிவு மெதுவானது, விராலும் அந்தக் கோரைப் புல் ஓரத்தில்தான் கிடக்கும். மதகு திறந்திருக்கும்போது அதன் பக்கம் போகவே கூடாது, இழுக்கும். ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினால் சண்டையும் வராது, எங்கே பள்ளம் என்றும் சொல்லிவிடுவார்.

மூன்றாவது, அணைக்கட்டு, தடுப்பணை, ஏரிக் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) ஆகியவற்றின் கீழ்த்தளம். 1858-இல் கட்டிய வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டிலிருந்து நேற்றுக் கட்டிய தடுப்பணை வரை, தளத்தில் மெல்லிதாகத் தண்ணீர் வழியும் இடத்தில் பச்சைப் பாசி பிடிக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகும் நாளில் மீன் ஏறி வரும் இடமும் அதுவே. அதனால் கூட்டமும் அங்கேதான், விழுகிறவர்களும் அங்கேதான். கணுக்கால் ஆழம்கூட இருக்காது. விழுந்தால் பின்மண்டை சிமெண்டில் மோதும். வழியும் தண்ணீர் விழும் இடத்தில் கீழே சுழன்று பின்னோக்கி இழுக்கும் ஓட்டமும் உண்டு. அதில் மாட்டினவரை அது வெளியே விடாது. சுவரின் மேல் நின்று வீசுவதும் தளத்தில் நின்று வீசுவதும் ஒன்றுக்கொன்று மோசமான யோசனை. தளம் முடிந்து 20, 30 அடி கீழே, ஓட்டம் அகன்று ஆழம் குறையும் இடத்தில் நிற்கலாம்.

நான்காவது மலை ஓடை: ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம். பாறையும் உருளைக் கல்லும். காப்புக்காட்டுக்குள் மீன்பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் பலருக்கு இது கணக்கிலேயே வராது. சாத்தனூர் நீர்த்தேக்கத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். முதலை இருக்கும் தண்ணீரில் எந்தச் செருப்பும் உதவாது.

எவ்வளவு ஆழம் வரை

‘முழங்கால் வரை போகலாம்’ என்ற ஊர்க் கணக்கு நின்ற தண்ணீருக்குச் சரி. ஓடும் தண்ணீருக்கு ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஆற்றோரம் 3 மீட்டர் தூரத்தை அடியால் அளந்து, ஒரு சுள்ளியைப் போட்டு எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பாருங்கள். 3 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். முழங்கால் ஆழம் அரை மீட்டர். பெருக்கினால் 0.5. ஆஸ்திரேலிய வெள்ளப் பொறியியல் வழிகாட்டி வளர்ந்த ஆளுக்கு 0.6 வரை ஆபத்து குறைவு என்கிறது, 0.8-க்கு மேல் பழகினவருக்கே கடினம், 1.2-க்கு மேல் யாரும் நிற்க முடியாது. உயரமும் எடையும் குறைந்தவருக்கு எல்லை 0.4-தான். அமெரிக்காவில் ஆற்று நீரை அளக்கும் புவியியல் அளவைத் துறையினர் அடிக்கணக்கில் இதையே வைத்திருக்கிறார்கள்: ஆழம் அடியில், வேகம் விநாடிக்கு அடியில், பெருக்குத்தொகை 10-ஐத் தொட்டால் இறங்கக் கூடாது. அது தினமும் ஆற்றில் இறங்கிப் பழகின வேலைக்காரர்களுக்கான எல்லை. மற்றவர்கள் 6-இல் நின்றுவிடலாம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? தள்ளும் விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. முழங்கால் ஆழத்தில் விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் இரண்டு காலையும் சேர்த்துத் தோராயமாக 6 கிலோ தள்ளும். அதே ஆழத்தில் வேகம் இரட்டித்தால் 24 கிலோ. இன்னொரு பக்கம், ஆழம் ஏற ஏறத் தண்ணீர் ஆளைத் தூக்கும். இடுப்பளவில் பாதத்தில் விழும் எடை ஏறக்குறையப் பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். தரையோடு உரசிப் பிடிக்கும் பலமும் அதே அளவு குறையும். செருப்புக்கு எவ்வளவு செலவழித்தாலும், அழுத்த எடை இல்லையென்றால் அது பிடிக்காது.

காலில்: வெறுங்கால், கேன்வாஸ், ரப்பர் பூட்ஸ், ஃபெல்ட், ஆணி

ஊரில் வலை வீசுகிறவர்கள் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். சமநிலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். விரல் விரிந்து மணலையும் சேற்றையும் பிடிக்கும். தரை சரிவதை உள்ளங்கால் மூளைக்கு உடனே சொல்லும். அவர்கள் தோற்பது பாட்டில் கண்ணாடியிடமும் முள்ளிடமும். சீமைக் கருவேல முள் ஆற்றோடு வந்து மணலில் புதைந்து கிடக்கும். ஹவாய் செருப்பைத் துளைத்து மேலே வரும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் கழிவு கலந்த இடங்களும் சாக்கடை இறங்கும் இடங்களும் உள்ள ஆற்றில், காலில் வெட்டுக் காயத்தோடு நிற்பது வேண்டாத வம்பு. வெள்ளத்துக்குப் பிந்தைய நாட்களில் எலிக் காய்ச்சல் பயமும் சேர்ந்துகொள்ளும். இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மணலுக்கும் ஏரிக்கும் நல்ல நடுவழி, கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. பக்கவாட்டில் அடியை ஒட்டி, காலுக்கு நாலைந்து என்று 5 மி.மீ. துளை போட்டால் தண்ணீர் வடியும். உள்ளே ஒரு தடித்த இன்சோல் வைத்தால் முள் எளிதில் ஏறாது. சாக்ஸ் கட்டாயம், இல்லாவிட்டால் மணல் புகுந்து தோலை உரசி எடுத்துவிடும். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள். தொங்கும் நுனியில் ஃபிளை லைன் சுற்றிக்கொள்ளும். கடற்கரைக்கென்று விற்கும் மெல்லிய ரப்பர் அடி ஷூ இந்தக் கருவேல முள்ளுக்குக் காகிதம் மாதிரி.

வயலுக்குப் போடும் கம் பூட்ஸை வாங்கவே வேண்டாம். சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். ஓட்டத்தில் விளிம்புக்கு மேல் தண்ணீர் புகுந்தால் இரண்டு வாளியைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது போல் ஆகும். தோல் ஷூவும் வேண்டாம். ஆம்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் நனைந்த தோல் நெகிழ்ந்து கணுக்காலை விட்டுவிடும், காயும்போது விறைத்துச் சுருங்கும்.

பாசிக்கல்லுக்குத்தான் கம்பளி ஃபெல்ட் (நாரை அழுத்திச் செய்த தடித்த துணி) அடி. அதன் நார்கள் பாசிப் படலத்தை ஊடுருவிக் கல்லைப் பிடிக்கும். தடுப்பணைத் தளத்திலும் மலைப் பாறையிலும் வெறும் ரப்பர் வழுக்கும் இடத்தில் இது நிற்கும். ஆனால் அதே ஃபெல்ட் ஏரிக்கரையின் ஈரப்புல் சரிவில் சறுக்கு மரம் போல் இறக்கிவிடும். சேற்றில் அடைந்தால் பிடிப்பு போய்விடும். காயவும் நாளாகும், காயாத ஃபெல்ட் ஒரு நீர்நிலையின் நுண்ணுயிரை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நியூசிலாந்து 2008-இல் அதனால்தான் தடை போட்டது. ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகும் முன் நன்றாகக் கழுவி வெயிலில் போடுங்கள். வேலூர் வெயிலுக்கு அந்த ஒரு நன்மையாவது உண்டு.

தடித்த ரப்பர் அடியில் ஆணி அடித்துக்கொள்வது இன்னொரு வழி. அறுகோணத் தலை உள்ள சிறு ஸ்குரூ, காலுக்கு 12 முதல் 16. பெரும்பாலும் ஓரத்திலும் குதியிலும். அடியின் தடிமனைவிட ஸ்குரூ 3 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே குத்தும். பாசி படிந்த சிமெண்டில் இது நன்றாகக் கடிக்கும். பாசி இல்லாத வழவழப்பான கருங்கல்லில் சாதாரண இரும்புத் தலை ஐஸ் மேல் போவது போல் வழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு முனை உள்ளது மட்டும் கீறி நிற்கும். மணலிலும் சேற்றிலும் ஆணியால் ஒரு பயனும் இல்லை.

ஆக, பாலாறும் ஏரியும்தான் உங்கள் இடம் என்றால் கேன்வாஸ் போதும். தடுப்பணையை விட மனமில்லாதவருக்கு மட்டும் ஃபெல்ட்.

கையில்: மூங்கில், மலையேற்றக் கோல், மடக்குக் கழி

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் என்றால் அது கழி. இரண்டு காலுக்குப் பதில் மூன்று கால். எப்போதும் இரண்டு தரையில் ஊன்றியிருக்க, ஒன்றைத்தான் நகர்த்துகிறோம். மணல் குழி இருக்கும் ஆற்றில் கழிக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒரு மீட்டர் முன்னால் குத்திப் பார்ப்பது. ஒரு சாணுக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டும். பக்கவாட்டில் சுற்றிப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான் ஆளை விளிம்பில் கொண்டு நிறுத்துகிறது.

மூங்கில் மண்டியில் கிடைக்கும் கல்மூங்கில் இந்த வேலைக்குக் கச்சிதம். சிலம்பக் கழிக்கும் லத்திக்கும் எடுக்கும் அதே சாதி. உள்ளே துவாரம் இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருக்கும், ஆள் முழு எடையைப் போட்டாலும் வளைந்து கொடுக்குமே தவிர முறியாது. தரையில் ஊன்றினால் அக்குள் உயரம், கைக்குள் அடங்கும் 1 அங்குலத் தடிமன். கணுக்கள் நெருக்கமாக இருப்பதாகப் பாருங்கள். சாதாரணப் பொந்து மூங்கில் வேண்டாம்: உள்ளே காற்று இருப்பதால் தண்ணீரில் மேலே எழும்பிக்கொண்டே இருக்கும், தரையில் ஊன்றுவதற்கே பலம் வேண்டும். கீழ்முனைக்கு ஓர் இரும்புப் பூண் போடச் சொல்லுங்கள். பாசித் தளத்தில் இரும்பு கடிக்கும். ஆனால் கல்லில் ‘டக் டக்’ என்று மோதும் சத்தம் தண்ணீருக்குள் தூரமாய்ப் போய் மீனைக் கலைக்கும். கைத்தடிக்கு மருந்துக் கடையில் விற்கும் ரப்பர் புஷ் ஒன்றைப் பூணின் மேல் மாட்டிக்கொண்டு, பாசி வந்தால் மட்டும் கழற்றலாம்.

மலையேற்றக் கோல் இலேசு, பஸ்ஸில் கொண்டுபோகச் சுலபம். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் மூட்டில் பாலாற்று நுண்மணல் போனால் பூட்டு வழுக்கும். முழு எடையைச் சாய்க்கும் நேரம் பார்த்துச் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். திருகிப் பூட்டுவதைவிட வெளியே நெம்புகோல் பூட்டு உள்ளது மேல். ஒவ்வொரு முறையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏரிச் சேற்றில் மட்டும் இதற்கு ஒரு சாதகம் உண்டு: அடியில் மாட்டும் வட்டத் தட்டு கோல் புதைவதைத் தடுக்கும். கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கோல் கல்லிடுக்கில் சிக்கினால் அது உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஃபிளை மீன்பிடிக்கென்றே விற்கும் மடக்குக் கழி உள்ளே ரப்பர் கயிறு ஓடும் துண்டுகள். இடுப்பு உறையிலிருந்து உருவினால் தானே சேர்ந்துகொள்ளும். வசதி உண்மைதான். விலையோ மூங்கிலைப் போல் பல மடங்கு. மணல் அடைந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிரியாமல் போவதும் உண்டு. நீலகிரிக்கு டிரவுட் பிடிக்க அடிக்கடி போகிறவர் வாங்கலாம். பாலாற்றுக்கு மட்டும் என்றால் மூங்கிலே.

கழியை எங்கே விடுவது என்பதுதான் ஃபிளை தூண்டிலில் தனிச் சிக்கல். வலது கை ராடில், இடது கை லைனில். கழிக்குக் கை இல்லை. ஒரு மீட்டர் நைலான் கயிற்றில் கட்டி இடுப்பு பெல்ட்டில், ஓட்டம் போகும் பக்கமாக மிதக்க விட வேண்டும். கயிற்றை பெல்ட்டில் நேரே முடிச்சுப் போடாமல், பள்ளிப் பையில் வரும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை நடுவில் வையுங்கள். கழி எங்காவது மாட்டினால் ஒரு அமுக்கில் விடுபடலாம்.

வேடரா, அரைக்கால் சட்டையா

இதில் யோசிக்க அதிகமில்லை. ஏப்ரல், மே வெயிலில் மார்பு வரை வேடர் (பாதத்திலிருந்து மேலே மூடும் நீர் புகாத உடை) போட்டால் ஆற்றில் வழுக்கி விழுவதற்கு முன் வெயிலில் மயங்கி விழுவீர்கள். சீக்கிரம் காயும் கால்சட்டை, உடம்போடு ஒட்டியது, போதும். வேட்டி, லுங்கி வேண்டாம்: ஈரமானதும் துணி காலைச் சுற்றும், ஓட்டம் பிடித்துத் தள்ளும் பரப்பும் கூடும். குளிர்ந்த மலைத் தண்ணீருக்கு வேடர் போடுகிறவர்கள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். வேடரில் தண்ணீர் புகுந்தால் கல் போல் மூழ்கடிக்கும் என்பது தவறு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. கரையேறும்போதுதான் அது கனக்கும். பெல்ட் இருந்தால் புகும் அளவு குறையும், உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்சம் மிதக்க வைக்கும்.

மிதவைச் சட்டை: நுரையா, வாயுவா

நீச்சல் தெரியாதவருக்கு இது தேர்வு அல்ல, கட்டாயம். மணல் குழி இருக்கும் ஆற்றில் நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படியே. வாயு உருளையால் ஊதிக்கொள்ளும் வகை பட்டையாகத் தோளில் கிடக்கும், ராடு வீச இடைஞ்சலே இருக்காது. 150 நியூட்டன் (தூக்கிப் பிடிக்கும் விசையின் அளவு) மிதப்புக்கு 33 கிராம் உருளை. தானாக ஊதும் வகை வேண்டாம். முழங்கால் தண்ணீரில் ஒரு முறை சறுக்கி நனைந்தாலே வெடித்து ஊதிவிடும், மாற்று உருளைக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கயிறு இழுத்தால் ஊதும் வகையே சரி. ஆனால் இழுக்க நினைவு இருக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் இழுக்க மாட்டார். உருளை இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கருவேல முள் பையைத் துளைத்ததும் தெரியாது.

நுரை அடைத்த சட்டை பருமன், வியர்க்கும், ஆனால் ஏமாற்றாது. 50 நியூட்டன் வகை நீச்சல் தெரிந்தவருக்கு உதவி மட்டுமே. தெரியாதவருக்கு 100-க்குக் குறைய வேண்டாம். கவட்டைப் பட்டை இருப்பதாக வாங்குங்கள், அது இல்லாமல் தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே போய்க் காதை மூடும், ஆள் கீழே இருப்பார். எங்கள் தேர்வு நுரைதான்.

உடம்பு: யோகா, சிலம்பம், ஆடும் பலகை

உள்ளங்காலும் மூட்டும் தரும் உணர்வு, உள்காது, கண் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆளை நிமிர்த்தி வைக்கின்றன. ஆற்றில் முதலில் ஏமாறுவது கண். ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்பது போலவும் நாம் நகர்வது போலவும் தோன்றும், உடம்பு அதைச் சரிசெய்யப் போய்ச் சாயும். நகரும்போது எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலரைஸ்டு கண்ணாடி பளபளப்பை அகற்றி அடித்தரையைக் காட்டும். ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது: குனிந்து காலைப் பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகப் பார்ப்பீர்கள், தரை மங்கி, உயரம் தவறாகத் தெரியும். தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக இருப்பது நல்லது.

மரம் போல் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் தொடக்கத்துக்கு நல்லது, செலவில்லை. அதன் குறை, தரை அசையாது, யாரும் தள்ளவும் மாட்டார்கள். பல் தேய்க்கும்போது காலுக்கு 30 விநாடி. அது சுலபமானதும் கண்ணை மூடி 10 விநாடி. பிறகு மடித்த மெத்தையின் மேல். வீட்டிலேயே ஆடும் பலகை செய்யலாம்: ஒன்றரை அடிச் சதுரப் பலகைக்கு அடியில் நடுவே 4 அங்குல பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து ஸ்குரூ போட்டால் போதும். சுவரை ஒட்டி வைத்துத்தான் ஏற வேண்டும். கணுக்காலைச் சட்டென்று திருத்தும் பழக்கம் வருவது இதில்தான். மெத்தையைவிட இதற்கே மதிப்பு அதிகம்.

சிலம்பம் கற்றுக்கொடுக்கும் ஆசான் ஊரில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. கழி சுழற்றுவதற்காக அல்ல. கையில் கழி வேலை செய்யும்போதே கால் எடையை மாற்றி வைக்கும் அடவுகளுக்காக. ஆற்றில் செய்வதும் அதையேதான். ஓய்வுள்ள நாளில் மொட்டைமாடியில் கொக்கி இல்லாமல் லைன் நுனியில் கம்பளி நூல் கட்டி, ஒற்றைக்காலில் நின்று ராடு வீசிப் பாருங்கள். பக்கத்தில் மின்கம்பி இல்லாததை முதலில் பாருங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். முன்னும் பின்னும் தோளைச் சுழற்றி வீசுகிறவர் தள்ளாடுவார், முழங்கையோடு நிறுத்தி வீசுகிறவர் நிற்பார். தண்ணீரில் விழுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சுழற்சிதான். தினமும் 10 நிமிடம், ஆறு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். அறுபது தாண்டியவர் நாற்காலியைப் பிடித்துத் தொடங்கட்டும். தலைசுற்றல் உள்ளவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

உள்ளே நடப்பதும், விழுந்தால் செய்வதும்

உடம்பின் பக்கவாட்டை ஓட்டத்துக்குக் காட்டினால் தள்ளும் பரப்பு ஏறக்குறையப் பாதியாகும். கழி ஓட்டம் வரும் பக்கம். காலைத் தூக்காமல் தேய்த்து வைத்து, ஒரு கால் மறு காலைத் தாண்டாமல், சிறு அடி. கடக்கும்போது சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போனால் ஓட்டம் உதவும். ஆனால் அப்படிப் போனால் அதே வழியில் எதிர்த்துத் திரும்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். திரும்ப வேண்டியிருந்தால் ஓட்டம் வரும் திசையை நோக்கியே திரும்புங்கள். நடக்கும்போது வீசாதீர்கள், வீசும்போது நடக்காதீர்கள். இருவராகப் போனால் பலசாலி ஓட்டத்தின் மேல்பக்கம். ஒருவர் பெல்ட்டை ஒருவர் பிடித்து, மாறி மாறி நகர வேண்டும்.

கரையோரத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு இறங்குங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே ஆந்திரப் பக்கம் பெய்த மழை வந்து சேரும். குச்சியில் இரண்டு விரல் ஏறினாலோ, தண்ணீர் கலங்கினாலோ, நுரையும் சருகும் மிதந்து வந்தாலோ ராடைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

விழுந்துவிட்டால் ராடை விடுங்கள். ஓட்டத்தில் மல்லாந்து, கால் இரண்டும் ஓட்டம் போகும் திசையில், பாதம் நீர்மட்டத்துக்கு மேலே. உடனே எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் முகத்தைக் கீழே அமுக்கும். முழங்கால் ஆழத்துக்கு வந்தபின் எழலாம். மணல் குழியில் விழுந்தால் சரியும் சுவரை ஏற முயல்வது வீண். மிதந்து எதிர்ப்பக்கமோ கீழ்ப்பக்கமோ சரிவு குறைந்த இடம் தேடி, அங்கே வயிற்றால் தவழ்ந்து ஏற வேண்டும். பக்கத்தில் இருப்பவர் குதிக்கக் கூடாது. கழியையோ கயிற்றையோ படுத்துக்கொண்டு நீட்டி, 112-க்கு அழைக்க வேண்டும். பாலாற்றில் இன்னொன்று: ஆற்றுக்குள் முளைத்த கருவேலப் புதர் வழியாகத் தண்ணீர் ஓடும், ஆள் ஓட முடியாது. ஓட்டம் அதை நோக்கிக் கொண்டுபோனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கவிழ்ந்து, தலை முன்னால் வைத்து வேகமாக நீந்திக் கிளை மேல் ஏறிவிட வேண்டும். முள் கிழிக்கும், கிழிக்கட்டும்.

இறங்காமலே பிடிப்பதையும் தேர்வில் வையுங்கள். பின்னால் லைனைக் கொண்டுபோகாமல், முன்னாலேயே தண்ணீர் மேல் உருட்டி விடும் ரோல் காஸ்ட் பழகினால் 30, 35 அடி எட்டும். ஜிலேபியும் கெண்டையும் காலை மாலையில் மேயும் தூரம் பெரும்பாலும் அதற்குள்தான். இடுப்பளவு இறங்கினால் கையின் உயரம் மூன்றடி குறைந்து லைன் பின்னால் தண்ணீரை அடிக்கும், வீச்சுத் தூரமும் குறையும். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீசுகிறவருக்கு மீன் நாலடிக்குள் வருவதும் உண்டு, நிழல் மட்டும் தண்ணீரில் விழாமல் இருந்தால்.